காலிக் கட்டம்

என் மனைவிக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தது டயாலிசிஸ் அறையில் வேலை பார்த்த பெண். கம்மாபுரம் பக்கத்துக்காரி. இடது கையில் இரண்டு ஊசிகளைச் செருகி, குழாய்களை மாட்டி, மெஷினை ஓடவிட்ட பிறகு நான்கு மணி நேரத்துக்கு அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். சுவரில் டிவி உண்டு. அதில் எப்போதும் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். "இங்க அழறது பத்தலன்னு இது வேறயா" என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைக் கவனித்துவிட்டு அந்தப் பெண் ஒரு நாள் மருந்துப் பாட்டில்களின் பிளாஸ்டிக் மூடிகளைக் கை நிறையக் கொண்டுவந்தாள்.

மெஷினில் மாட்டுகிற ஃபில்டர் வந்த பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, அதில் பேனாவால் வரிசையாக ஏழு கட்டம் போட்டாள். இடது பக்கம் மூன்று சிவப்பு மூடி, வலது பக்கம் மூன்று நீல மூடி, நடுக் கட்டம் காலி. சிவப்பெல்லாம் வலது பக்கம் போய்விட வேண்டும், நீலமெல்லாம் இடது பக்கம் வந்துவிட வேண்டும். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால் மூடி அதற்கு நகரலாம். வேறு நிறத்து மூடி ஒன்று குறுக்கே நின்று, அதற்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தால் தாண்டிக் குதிக்கலாம். ஒரு கட்டத்தில் இரண்டு மூடி நிற்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். மாட்டிக்கொண்டால் பின்னால் வரலாம், ஆனால் அதுவும் ஒரு நகர்த்தலாகக் கணக்கில் சேரும். எல்லாவற்றிலும் குறைந்தது பதினைந்து, அதற்குக் கீழே யாராலும் முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள்.

நானும் கை வைத்துப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே இரண்டு சிவப்பும் இரண்டு நீலமும் முட்டிக்கொண்டு நின்றன. முன்னே போக வழியில்லை, பின்னால் வந்தால் கணக்கு ஏறியது. அட்டையைத் தள்ளிவிட்டேன். நான் கோபக்காரன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"மூடியப் பாத்துக்கிட்டே இருந்தா வராது மாமா" என்றாள் என் மனைவி. அத்தை மகள், கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவளுக்கு நான் அதே மாமாதான். "காலியப் பாருங்க. காலிய எங்க விடறோம்கிறதுதான் இந்த வெளையாட்டே."

அவளுக்கு அது சீக்கிரம் பிடிபட்டதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு நெல்லிக்குப்பம் ரோட்டில் வண்டி சீட்டுக்குக் கவர் தைக்கிற கடை. உடம்பு கெடும்வரை ரெக்சினை வெட்டித் தந்தவள் அவள்தான். ஒரு துண்டு ரெக்சினில் நான் இரண்டு சீட்டு பார்த்தால் அவள் இரண்டு சீட்டும் ஒரு குழந்தை சீட்டும் பார்ப்பாள். எதையும் குறைச்சலில் முடிக்க வேண்டும் அவளுக்கு. மூன்று வெட்டில் ஆக வேண்டியதை நான் நான்கு வெட்டு வெட்டினால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. ஊசிக் கையால் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளி வைத்தாள். அன்றிலிருந்து கடையில் துண்டு துணுக்கு மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது.

எங்கள் வீடு மேல்பட்டாம்பாக்கம். கடலூர் பக்கத்தில்தான். பஸ் ஏறி உட்கார்ந்து வியர்வையைத் துடைப்பதற்குள் வந்துவிடும். ஆனால் டயாலிசிஸுக்கு இவளுக்கு இடம் கிடைத்தது சிதம்பரத்தில். கடலூரில் எல்லா சீட்டும் நிரம்பியிருந்தது. உயிரோடு இருக்க வேண்டுமென்றால் கிடைத்த இடத்தில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான், நல்ல நேரம் பார்க்க முடியாது. வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் கிளம்பி, கடலூரில் இறங்கி, கடலூர் டயாலிசிஸ் அறை இருக்கிற தெருவைப் பார்த்துக்கொண்டே சிதம்பரம் பஸ்ஸில் ஏறுவோம். திரும்பி வரும்போது அவளுக்குத் தலை நிற்காது. கை கால் பிடித்து இழுக்கும். ஆலப்பாக்கம் தாண்டும்போது கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு "இன்னும் எவ்ளோ" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் "வந்துடுச்சு" என்பேன். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

காப்பீட்டு அட்டையில் இடத்தைக் கடலூருக்கு மாற்றித்தரக் கேட்கலாமென்று அங்கே காப்பீட்டு ஆபீசுக்குப் போனபோதுதான் குமராட்சிக்காரரைப் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்று அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கூலி வேலை செய்கிறவர், என்னைவிடச் சின்னவர். அவர் மனைவிக்கு இடம் கடலூரில். குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் சிதம்பரம் வந்து, சிதம்பரம் டயாலிசிஸ் அறையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, பஸ் மாறிக் கடலூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதே மூன்று நாள், அதே காலை ஷிஃப்ட். இத்தனை நாளும் ரோட்டில் ஒருவரையொருவர் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப முடிஞ்சுது சார்" என்றேன் மேஜைக்காரரிடம். "ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துடறோம். இவுங்க அங்க போவட்டும், நாங்க இங்க வர்றோம். ஒரே நேரத்துல மாத்தி விட்டுடுங்க."

"கம்ப்யூட்டர் எடுக்காதுங்க. ஒரு சீட்டுல ஒரு பேருதான் நிக்கும். அந்தப் பக்கம் காலின்னு காட்டினாத்தான் இங்கேருந்து பேர அனுப்ப முடியும்."

"இவுங்க கெளம்பினா காலி ஆயிடும் இல்ல?"

"இவுங்க எங்க போவாங்க? அங்க உங்க பேரு நிக்குதே."

"அப்ப நாங்க ஒரு நாளைக்கி எங்க பேர எடுத்துடறோம்."

"எடுத்தீங்கன்னா புது ஆளுன்னு ஆயிடும். வரிசையில கடைசில போய் நிக்கணும். அப்படி மட்டும் பண்ணிடாதீங்க." நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்தினார். "மாத்தல் கேக்கறவங்களுக்குத்தான் முதல்ல குடுப்பாங்க. ரெண்டு ஊர்ல எங்கியாவது ஒரு சீட்டு தானா காலி ஆவட்டும். அப்பறம் மளமளன்னு மாத்திடலாம்."

"தானா எப்படி சார் காலி ஆவும்?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். குமராட்சிக்காரர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று நான் போட்ட சத்தத்துக்கு டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள் சிதம்பரத்தில் இவளிடம் முழுவதையும் சொன்னேன். வயிற்றின் மேல் மூடி அட்டையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஒரே ஒரு சிவப்பு மூடியையும் ஒரே ஒரு நீல மூடியையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்து, விரலால் இரண்டையும் மாற்றிப் பார்த்தாள். காலிக் கட்டம் இல்லாமல் அவை மாறாது. "ஆபீஸரும் இந்த வெளையாட்ட ஆடியிருப்பாரு போல" என்றாள்.

அதன் பிறகு இரண்டு குடும்பத்துக்கும் ஒரு பழக்கம் வந்தது. காலையில் எங்கள் பஸ் சிதம்பரத்துக்கும் அவர்கள் பஸ் கடலூருக்கும் போகும்போது புதுச்சத்திரம் பக்கத்தில் எங்கேயாவது தாண்டிக்கொள்ளும். குமராட்சிக்காரர் ஜன்னலுக்கு வெளியே தன் பச்சைத் துண்டை நீட்டிப் பிடிப்பார். இவள் மருந்துப் பையை ஆட்டுவாள். கண்ணிமைக்கிற நேரம்தான். அவர் மனைவியும் இவளும் போனில் சிநேகம் ஆகிவிட்டார்கள். எவ்வளவு தண்ணீர் குடித்தாய், நாக்கில் ஐஸ் வைத்தாயா, கீரை தின்றாயா என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வார்கள். மூடி விளையாட்டையும் இவள் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். அங்கே அவளும் ஒரு அட்டை வைத்துக்கொண்டாள்.

மற்றபடி காத்திருந்தோம். எதற்காகக் காத்திருந்தோம் என்பதை மறைக்கப்போவதில்லை. நம் ஊர்ப் பேச்சில் 'காலி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. குடம் காலி, வீடு காலி, பஸ் காலி. ஆள் காலி என்றாலும் அதே சொல்தான். டயாலிசிஸ் அறைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எழுந்து போகிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள் என்று கேள்வி, நாங்கள் பார்த்ததில்லை. யாருடைய கால் வீங்கியிருக்கிறது, யார் பாதியில் வாந்தி எடுக்கிறார், யாரை வீல் சேரில் தள்ளி வருகிறார்கள் என்று பார்ப்பேன். பார்த்தேன், அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காதவர்கள் என்னிடம் வந்து நல்லது கெட்டது பேச வேண்டாம்.

ஒரு டயாலிசிஸ் நாள் ராத்திரி குமராட்சிக்காரர் போன் செய்தார். "அண்ணே, கடலூர்ல எங்க பக்கத்து பெட்டு காலி."

"சீட்டு காலியா, ஆளு காலியா?" என்று இவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"ரெண்டும்தான் போலருக்குது. இன்னிக்கு ஆளக் காணும். கேட்டா, காலிங்கறாங்க."

பக்கத்துப் படுக்கைக்காரர் கடலூர் ஓல்டு டவுனில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். கழுத்தில் சிலுவை. மாதா கோயிலில் கொடியேற்றம் என்றால் முன்னால் நிற்பவராம். நானும் இவளும் அவரைப் பார்த்ததுகூடக் கிடையாது. மறுநாள் விடிந்ததும் இவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். புதுச் சேலை கட்டினாள். காப்பீட்டு அட்டையை எடுத்துப் பையில் வைத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். பஸ்ஸில் போகும்போது, இனி காலையில் கடையைத் திறந்து வைத்துவிட்டே இவளைக் கொண்டுவந்து விடலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கடலூர் அறைக்குள் நுழைந்தோம். வாசல் பக்கத்து மேஜையில் அட்டையை நீட்டி, "இங்க ஒண்ணு காலின்னாங்க, மாத்தலுக்கு" என்றேன். அங்கே இருந்தவர் விழித்தார். அந்தப் படுக்கை காலிதான். ஆனால் ஆள் போகவில்லை. மூச்சுத் திணறலில் புதுச்சேரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். படுக்கை காலியா என்று கேட்டதற்குக் காலி என்று சொல்லியிருக்கிறார்கள். குமராட்சிக்காரர் அதை நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார், நாங்களும்தான். மேஜைக்காரர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் வந்தது. அவரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுவந்தார்கள். கன்னம் ஒட்டிப்போன பெரிய உருவம். புதுச் சேலையையும் என் கையில் இருந்த அட்டையையும் பார்த்தார். டயாலிசிஸ் அறைக்காரர்களுக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"எம் பெட்டுக்கா வந்திருக்கீங்க?"

இவள்தான் பதில் சொன்னாள். "இல்லண்ணே. ஒடம்பு முடியலன்னு சொன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"வெறுங்கையோடவா?" என்று சிரித்தார் அவர். பிறகு இருமினார். "பரவால்லம்மா. நான் போனா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொல்றேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். இத்தனை ஊசிக்கும் அழாதவள். வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை அவிழ்த்து, துவைக்காமல் மடித்து, யாருக்கோ கொடுத்துவிட்டாள். கடலூருக்கு மாறுவது பற்றி அன்றோடு அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் விடவில்லை. அடுத்த முறை சிதம்பரத்தில் அவள் மூடி அட்டையை வைத்துக்கொண்டிருந்தபோது, "ரெண்டே நகர்த்தல்" என்றேன். "கடலூர்ல ஒண்ணு காலியானா நீ அங்க போவ, குமராட்சிப் பொண்ணு இங்க வரும். ரெண்டு. இதைவிடக் கொறச்சலா முடியாது."

"முடியும்."

"எப்படி?"

"ஒண்ணுலயே முடியும் மாமா." நீல மூடியை எடுத்து அட்டைக்கு வெளியே போட்டாள். சிவப்பு மூடியை அந்த இடத்துக்குத் தள்ளினாள். "நான் போயிட்டா அந்தப் பொண்ணு நேரா இங்க வந்துடும். ஒரே நகர்த்தல். யாரு வீட்டு ஜன்னலையும் எட்டிப் பாத்துக்கிட்டு நிக்க வேணாம்."

அட்டையைப் பிடுங்கி வீசினேன். மூடிகள் அறை முழுக்க ஓடின. மெஷின்களுக்குக் கீழே, செருப்புகளுக்கு இடையில். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "பைத்தியக்காரி" என்று கத்தினேன், இன்னும் என்னென்னவோ கத்தினேன். கம்மாபுரத்துப் பெண் ஓடி வந்தாள். என் மனைவி அசையாத கையோடு படுத்துக்கொண்டு, "கத்தி முடிச்சாச்சா? ஒண்ணு விடாம பொறுக்குங்க" என்றாள். நான் தரையில் தவழ்ந்து பொறுக்கினேன். ஒரு சிவப்பு மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் வேறொரு பாட்டிலைத் திறந்து ஒன்று கொடுத்தாள்.

எல்லாம் அடுக்கிய பிறகு இவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏதாவது ஆச்சுன்னா காப்பீட்டு அட்டைய ஒடனே இங்க கொண்டாந்து குடுத்துடுங்க. கோவத்துல வச்சுக்கிட்டு ஒக்காந்துடாதீங்க. ஒங்களத் தெரியும் எனக்கு."

பிறகு மழை வந்தது.

எங்கள் மாவட்டத்தில் மழையைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்று டயாலிசிஸ் நாள். அதற்கு முன்னால் ஞாயிறோடு சேர்த்து இரண்டு நாள் இடைவெளி வேறு. அவள் முகம் உப்பியிருந்தது. நனைந்துகொண்டே கடலூர் வந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். புதுச்சத்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் ரோட்டின் மேல் தண்ணீர் போகிறது என்றார்கள். எதிர்ப்பக்கம் எந்த பஸ்ஸும் வரவில்லை. குமராட்சிக்காரருக்குப் போன் போகவில்லை, டவர் போய்விட்டது. வந்த பஸ்ஸிலேயே திரும்பிக் கடலூரில் இறங்கி, நேராக அந்த அறைக்குப் போனேன். இந்தத் தடவை அட்டையை நீட்டவில்லை, கும்பிட்டேன்.

"குமராட்சியிலேருந்து வர்றவங்க இன்னிக்கு வர முடியாதுங்க. ரோடு இல்ல. அந்த சீட்டு சும்மாத்தான் கெடக்கும். இன்னிக்கு ஒரு நாளைக்கி இவள ஏத்திடுங்க."

"வர மாட்டாங்கன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? வந்து நின்னாங்கன்னா? போன் பண்ணி வரலன்னு சொல்லட்டும், ஏத்திக்கறேன்."

"டவர் இல்லீங்களே."

"அப்ப வெயிட் பண்ணுங்க. ஷிஃப்ட் முடியட்டும்."

கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கிருந்து அந்தப் படுக்கை தெரிந்தது. விரித்த போர்வை, மாட்டி வைத்த குழாய், ஓடாத மெஷின். அதற்குப் பக்கத்தில் மெக்கானிக் படுத்திருந்தார். "யோவ், அது காலிதான்யா, ஏத்துங்கய்யா அந்தம்மாவ" என்று அவர் கத்தினார். யாரும் கேட்கவில்லை. காலியாகத்தான் இருந்தது. ஆனால் காலி என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இவள் படுக்க முடியாமல் உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு வாங்கினாள். ஷிஃப்ட் முடிந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டரில் ஓடுவது பாதிதான்; அடுத்த ஷிஃப்ட்காரர்களுக்கே பத்தாது. ஊசி ஒன்று போட்டு, நாளைக் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்கள்.

காலையில் முதல் ஆளாகத்தான் கிளம்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் வேனில். நெல்லிக்குப்பம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்தாள். "இன்னும் எவ்ளோ" என்று கேட்டாள். "வந்துடுச்சு" என்றேன். இந்தத் தடவை அது உண்மைதான், கடலூர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிப் பார்த்தவர்கள், உள்ளே கொண்டுபோக வேண்டாம் என்றார்கள்.

காப்பீட்டு அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை. அட்டையோடு போய்ச் சொல்லாதவரை சிதம்பரத்தில் அவள் பெயர் அப்படியே நிற்கும். சொல்லாமல் வராமல் இருக்கிறவர்களுக்கு ஏதோ ஒரு கெடு உண்டு, அதுவரைக்கும். நிற்கட்டும் என்றுதான் விட்டேன். ஒரு நாள் காலியாகக் கிடந்த சீட்டில் அவளை ஏற்றாத உலகத்துக்கு நான் எதற்காகக் காலி பண்ணித்தர வேண்டும்? கம்மாபுரத்துப் பெண் போன் செய்தாள். எடுக்கவில்லை. கடையையும் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெட்டுக் கணக்குக் கேட்க ஆள் இல்லாமல் என்னத்தைத் திறப்பது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குமராட்சிக்காரர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணால் தரையில் உட்கார முடியவில்லை, ஸ்டூல் போட்டேன். எத்தனையோ தடவை பஸ் ஜன்னலில் பார்த்த முகம், பக்கத்தில் பார்த்தது அன்றுதான். என் மகள் வயதுதான் இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். அட்டையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டால் என்ன சொல்லித் துரத்துவது என்று மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் கேட்கவே இல்லை. எழுந்திருக்கிற நேரத்தில் அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. அன்னிக்கு இவளுக்கும் மூச்சு முட்டிடுச்சு. கடலூர் போவ வழியில்ல. சிதம்பரத்துல போய் நின்னேன். அங்க வேல பாக்கற பொண்ணு பாத்துட்டு, அக்கா வரல, நீ ஏறுன்னு ஏத்திடுச்சு. அக்கா சீட்டுலதான்ணே இவ அன்னிக்கு இருந்தா."

"நீங்க கடலூர்ல வந்து காத்துக்கெடந்தீங்கன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது" என்றாள் அந்தப் பெண். "நான் வரலன்னு ஒரு போன் போயிருந்தா அக்காவ ஏத்தியிருப்பாங்க. அடிச்சுக்கிட்டே இருந்தேண்ணே. போவவே இல்ல."

அன்றைக்கு அந்த மாற்றம் தானாகவே நடந்திருக்கிறது. அங்கே இவள் இடம் காலி, இங்கே அவள் இடம் காலி. ஆபீசும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். அவள் நகர்ந்துவிட்டாள். என் மனைவி மட்டும் கட்டத்தின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். துரத்துவதற்காக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் என் வாயிலேயே செத்துப்போயின. அந்தப் பெண்ணை வெறுக்கப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தூக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள் அவள். உள்ளே போய் இன்னொரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன்.

மறுநாள் சிதம்பரம் போனேன். கம்மாபுரத்துப் பெண் என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள். சுவரில் வெள்ளைப் பலகையில் படுக்கை வரிசைப்படி பெயர்கள். இவள் பெயர் அப்படியே இருந்தது, மசி கொஞ்சம் மங்கியிருந்தது. அட்டையைக் கொடுத்தேன். அவள் துணியை எடுத்தாள்.

"காலின்னு எழுதாதம்மா. நேரா குமராட்சிப் பொண்ணு பேர எழுதிடு."

"பலகையில எழுதிடறேன்ணா. கம்ப்யூட்டர்ல மொதல்ல காலின்னு காட்டணும். காட்டினாத்தான் அவுங்க பேரு ஏறும்."

"எவ்ளோ நேரம் காட்டும்?"

"கொஞ்ச நேரந்தான். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்கண்ணா."

திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவள் பெயர் இருந்த இடத்தில் அந்தச் சொல் வந்தது. அந்தப் பெண் வேக வேகமாகத் தட்டினாள்; பிறகு குமராட்சிப் பெண்ணின் பெயர் வந்தது. பதினைந்தும் வேண்டியிருக்கவில்லை, இரண்டும் வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்ன ஒன்றுதான்.

இழுப்பறையிலிருந்து விளையாட்டு அட்டையையும் மூடிகளையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். "தொடச்சப்ப மெஷினுக்கு அடியிலேருந்து ஒரு செவப்பு கெடச்சுதுண்ணா. அதையும் போட்டிருக்கேன்." வாங்கிக்கொண்டேன். ஏழாவது மூடிக்கு அந்த விளையாட்டில் இடமில்லை. ஏழு மூடி வைத்தால் ஒன்றும் நகராது.

கடலூர் மெக்கானிக் இவளுக்காகக் கோயிலில் ஒரு பூசை வைத்ததாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் இன்னமும் அதே படுக்கையில்தான் இருக்கிறார். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

அடுத்த டயாலிசிஸ் நாளன்று எனக்குச் சிதம்பரத்தில் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் கால் பழக்கத்தில் கிளம்பிவிட்டது. அவள் உட்காருகிற ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுச்சத்திரம் வந்தபோது எட்டிப் பார்த்தேன். கடலூர் பஸ் எதிரே வந்து, தாண்டிப் போனது. ஜன்னலில் துண்டு இல்லை. அந்த நேரத்தில் குமராட்சிப் பெண் சிதம்பரத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஊசி மாட்டிப் படுத்திருப்பாள். நல்லதுதான். நல்லதுதான் என்று நூறு தடவை சொல்லிக்கொண்டாலும் நான் கோபக்காரன்தான்; கையில் மருந்துப் பை இல்லாமல், யாரைப் பார்த்து ஆட்டுவது என்று தெரியாமல், அந்த பஸ் மறைகிறவரை திட்டிக்கொண்டே இருந்தேன்.